குதிரான் சுரங்கத்தில் காற்றின் வேலை

கோவையிலிருந்து பாலக்காடு வழியாகக் கொச்சிக்குப் போய்வருபவர்களுக்குக் குதிரான் மலை நன்றாகத் தெரியும். அந்த ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் மணிக்கணக்கில் நின்ற காலம் ஒன்று உண்டு. இன்று மலையைக் குடைந்த இரட்டைச் சுரங்கப்பாதையில் ஓரிரு நிமிடத்தில் மறுபக்கம் போய்விடலாம். பாலக்காடு மாவட்டத்தைத் தாண்டித் திருச்சூர் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் வரும் இதன் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முதல் குகை 2021 ஜூலை 31 அன்றும், இரண்டாவது 2022 ஜனவரியிலும் திறக்கப்பட்டன.

வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்வரை சுரங்கத்துக்குள் காற்றுக்குப் பஞ்சமில்லை. ஒரே திசையில் விரையும் வண்டிகளே காற்றை முன்னே தள்ளிக்கொண்டு போகும். போக்குவரத்து நின்றால்தான் சிக்கல். கார்பன் மோனாக்சைடும் டீசல் புகையும் உள்ளேயே தேங்கும். அப்போது கூரையில் பொருத்திய விசிறிகள் காற்றை வேகமாகப் பீய்ச்சி, சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு வெளியேற்றும்.

தீப்பிடித்தால் விசிறியின் வேலையே வேறு. சூடான புகை கூரையைத் தொட்டு இரு பக்கமும் பரவப் பார்க்கும். தீக்கு முன்னால் போன வண்டிகள் வெளியேறிவிடும். பின்னால் வந்தவை சிக்கிக்கொள்ளும். ஆகவே, வண்டிகள் போகும் திசையிலேயே காற்றைச் செலுத்திப் புகையை முன்பக்கமாகத் தள்ள வேண்டும். பெரிய தீ என்றால் அந்தக் காற்றுக்கு நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் வேகம் வேண்டும். குறைந்தால் புகை திரும்பிவந்து, நிற்பவர்களைச் சூழ்ந்துகொள்ளும்.

எதிரெதிர்த் திசைகளில் வண்டிகள் ஓடும் ஒற்றைச் சுரங்கத்தில் இந்தக் கணக்கு பலிக்காது. எந்தப் பக்கம் தள்ளினாலும் அங்கே ஆட்கள் இருப்பார்கள். பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மோன்பிளாங் சுரங்கம் அப்படிப்பட்டது. 1999 மார்ச் 24 அன்று அங்கே ஒரு லாரி தீப்பற்றியது. காற்று இத்தாலியிலிருந்து பிரான்ஸ் பக்கமாக வீச, பிரான்ஸ் பக்கமிருந்து நுழைந்தவர்களைப் புகை சூழ்ந்தது. 39 பேர் இறந்தார்கள்.

குதிரானில் திசைக்கொரு குகை இருப்பது நெரிசலைக் குறைக்க மட்டுமல்ல, உயிர் காக்கவும்தான். ஆனால் விசிறியும் விளக்கும் கேமராவும் பழுதில்லாமல் இருந்தால்தான் அந்த வசதி பயன்படும். 2022 ஜனவரியில் பின்பெட்டியைத் தூக்கியபடியே ஓடிய டிப்பர் லாரி ஒன்று, இங்கே நூறு விளக்குகளுக்கு மேல் நொறுக்கிவிட்டுப் போனது.

சுரங்கத்துக்குள் முன்னால் புகை தெரிந்தால் வண்டியைத் திருப்பாதீர்கள். ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, சாவியை அதிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். வந்த வழியே நடந்தோ, அருகிலுள்ள அவசர வழியிலோ வெளியேறுங்கள். பையை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.