உடம்பு பிடிக்கப் போகிறீர்களா? உங்களுக்கு ஏற்ற முறை எது?

புஞ்சாக் ஆலாம் – செம்பனைக் குலை ஒன்று இருபது கிலோவைத் தாண்டுவது சாதாரணம். அண்ணாந்து பார்த்தபடி நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி அறுப்பவருக்குக் கழுத்தும் தோளும் போகும். விழுந்த குலையைக் குனிந்து தூக்குபவருக்கு இடுப்பு போகும். தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் தப்பவில்லை. தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நிற்பவர்களுக்குக் கால் வலி, லாத்தார் நெடுஞ்சாலையில் தினமும் காரோட்டுபவர்களுக்கு முதுகு வலி.

நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தில், தெனமாரம் தோட்டத்தில்தான் உருவானது. நூறு ஆண்டுக்கும் மேலாக இங்குள்ள உடம்புகள் இந்த வேலைக்குப் பழகியிருக்கின்றன. அன்று உடம்பு வலித்தால் பாட்டி எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பார், அல்லது லயத்தில் சுளுக்கு எடுக்கத் தெரிந்த ஒருவர் வருவார். இன்று கடை வரிசைகளில் தாய்லாந்து முறை, சுவீடிஷ் முறை, பாத அழுத்தம், ஆயுர்வேதம், மலாய் உருட் என்று பல பலகைகள் தொங்குகின்றன. எதற்குள் நுழைவது என்பதில்தான் குழப்பம்.

நம் வீட்டு முறை: தொக்கணம்

சித்த மருத்துவத்தில் 32 வகைப் புற மருத்துவங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் ஒன்று தொக்கணம். உடம்பு பிடிப்பதற்குத் தமிழில் உள்ள பழைய பெயர் இது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என இதற்கு ஒன்பது செய்கைகள் உண்டு. எந்த உடம்புக்கு எந்தத் தைலம், எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் என்று பார்த்துச் செய்வதே முறை. வர்மம் தெரிந்தவர்கள் குறிப்பிட்ட புள்ளிகளைத் தொட்டுச் செய்வார்கள். அதை முறையாகப் படித்தவரிடம் மட்டுமே செய்துகொள்ள வேண்டும்.

ஆயுர்வேதத்தில் வெதுவெதுப்பான எண்ணெயை உடம்பு முழுவதும் நீளமாகத் தேய்ப்பது அப்யங்கம். நெற்றியில் எண்ணெயை மெல்லிய தாரையாக விடுவது சிரோதாரா. இரண்டும் மென்மையானவை. தூக்கம் வராதவர்களும் மன அழுத்தத்தில் இருப்பவர்களும் பெரும்பாலும் நாடுவது இவற்றைத்தான்.

மலாய் உருட்

எண்ணெய் தடவி, கட்டை விரலாலும் உள்ளங்கையாலும் நரம்போட்டம் பார்த்து நீளமாக உருவிவிடும் முறை இது. பிள்ளை பெற்ற பெண்களுக்கு உருட்டுடன் சூடான கல் ஒற்றடமும் கொடுப்பார்கள். தோட்டப்புறத்தில் பல இந்தியக் குடும்பங்களும் மலாய் மருத்துவச்சியை அழைத்தது உண்டு. அழுத்தம் ஓரளவு பலமாக இருக்கும். அறுவை சிகிச்சையில் பிள்ளை பெற்றவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வயிற்றில் கை வைக்க விடக்கூடாது.

தாய்லாந்து முறை

இதில் எண்ணெய் இல்லை, உடையையும் கழற்ற வேண்டியதில்லை. தரையில் மெத்தை விரித்து, கை, முழங்கை, முட்டி, பாதம் எல்லாவற்றையும் பயன்படுத்தி அழுத்துவார்கள், இழுத்து வளைப்பார்கள். 2019-இல் யுனெஸ்கோ இதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. உடம்பு இறுகிப்போனதாக உணர்பவர்களுக்கும், உடை மாற்றக் கூச்சப்படுபவர்களுக்கும் இது பொருந்தும். முதுகுத்தட்டு விலகியவர்களும் எலும்பு தேய்ந்தவர்களும் இந்த வளைப்புகளைத் தவிர்க்க வேண்டும்.

சுவீடிஷ் முறை

பெயர் சுவீடனுடையது என்றாலும், இதன் அசைவுகளை இன்றுள்ள வடிவில் ஒழுங்குபடுத்தியவர் 19-ஆம் நூற்றாண்டின் டச்சு மருத்துவர் யோஹான் மெட்ஸ்கர் என்று கருதப்படுகிறது. எண்ணெயில் நீளமாக வருடுவது, பிசைவது, தேய்ப்பது, தட்டுவது என அடுக்கடுக்காகப் போகும். முதன்முறை செல்பவர்களுக்கு ஏற்ற மென்மை இதில் உண்டு. ‘டீப் டிஷ்யூ’ என்று எழுதியிருந்தால் அது வேறு. அதில் தசையின் ஆழம்வரை அழுத்துவார்கள், மறுநாள் உடம்பு வலிக்கலாம்.

பாத அழுத்தம்

பாதத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் உறுப்போடு தொடர்புடையது என்ற வரைபடத்தை 1930-களில் பரப்பியவர் அமெரிக்காவின் யூனிஸ் இங்ஹாம். கால் களைப்புக்கு இதமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் பாதத்தை அழுத்தினால் சிறுநீரகமோ கல்லீரலோ குணமாகும் என்பதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை.

நம் சமூகம் கவனமாக இருக்க வேண்டியதும் இங்கேதான். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அதிகம். பல ஆண்டுகளாக இனிப்புநீர் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். மரக்குச்சியால் பலமாக அழுத்தினாலும், தண்ணீர் கொதித்தாலும் தெரியாது. சிறு காயம் புண்ணாகி, ஆறாமல், காலை எடுக்கும் வரை போகலாம். இனிப்புநீர் உள்ளவர்கள் முதலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். மரத்துப்போன பாதத்தைப் பிடிக்கக் கொடுக்கவே கூடாது.

உண்மையில் பலன் என்ன?

முதுகு வலிக்கு உடம்பு பிடிப்பது பற்றிய 25 ஆய்வுகளைக் கோக்ரேன் அமைப்பு 2015-இல் தொகுத்துப் பார்த்தது. குறுகிய காலத்துக்கு வலி குறைகிறது, ஆனால் அந்தச் சான்று வலுவானதல்ல, நீண்ட காலப் பலன் தெளிவாக இல்லை என்பதே அதன் முடிவு. எளிமையாகச் சொன்னால், உடம்பு பிடிப்பது ஓய்வு தரும், வலிக்கான மூலத்தை எடுக்காது. குலை தூக்கும் விதத்தையும் உட்காரும் விதத்தையும் மாற்றாமல் மாதந்தோறும் பணம் கொடுத்தாலும் வலி திரும்பி வரும்.

எப்போது போகக்கூடாது?

காய்ச்சல், தோல் தொற்று, எலும்பு முறிவு, புதிய காயம் இருந்தால் வேண்டாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். அதைப் பிடித்துவிட்டால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கும் ஆபத்து உண்டு. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே செல்ல வேண்டும். கழுத்தை ‘டக்’ என்று திருப்பிச் சொடுக்க யாரையும் விடாதீர்கள். அரிதாக, மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம்.

முதுகு வலியோடு கால் மரத்துப்போவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது, வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் திடீரெனத் தளர்வது ஆகியவை சுளுக்கு அல்ல. சுளுக்கெடுப்பவரைத் தேடி வீணாக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஆயுள் முழுவதற்கும் ஊனமாக மாறலாம். 999-ஐ அழையுங்கள், நேராக மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

யாரிடம் போவது?

2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் (சட்டம் 775) மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவங்களை அங்கீகரிக்கிறது. இந்திய மருத்துவத்தில் சித்தமும் ஆயுர்வேதமும் அடங்கும். ‘நோயைக் குணப்படுத்துவேன்’ என்று சொல்பவரிடம் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. வெறும் ஓய்வுக்கான நிலையம் என்றால் ஊராட்சி மன்ற உரிமம் சுவரில் தொங்குகிறதா என்று பாருங்கள்.

செலவுக்கு அஞ்சுபவர்கள் அரசு மருத்துவமனைகளை மறந்துவிட வேண்டாம். 2007-இல் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் தொடங்கி, பல அரசு மருத்துவமனைகளில் பாரம்பரிய மருத்துவப் பிரிவுகள் உள்ளன. நாள்பட்ட வலிக்கும் பக்கவாதத்துக்குப் பிந்தைய பராமரிப்புக்கும் அங்கு உருட் உண்டு. உங்கள் மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கோலாலம்பூர் பக்கம் போனால் பிரிக்பீல்ட்சில் பயிற்சி பெற்ற பார்வையற்றோர் நடத்தும் நிலையங்களும் இருக்கின்றன.

பெண்கள் பெண் பணியாளரைக் கேட்கலாம், கதவு உள்ளிருந்து பூட்டப்படுகிறதா என்று கேட்கலாம். பிடிக்காத இடத்தில் கை பட்டால் அந்தக் கணமே எழுந்து வரலாம். எந்த முறையானாலும் ‘வலிக்கிறது, மெதுவாக’ என்று சொன்னவுடன் அழுத்தத்தைக் குறைப்பவரே நல்ல கைக்காரர். ‘வலித்தால்தான் குணமாகும்’ என்பவரிடம் அடுத்த முறை போகாதீர்கள்.