புல்வெட்டியின் வாயை மூடுவது யார்?

தை மாதத்தில் வேப்பூர், விருத்தாசலம் பக்கத்து நன்செய் வயல்களில் நெல் அறுக்கும் இயந்திரம் வேலை செய்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். தொட்டி நிறைந்ததும் ஓட்டுநர் கீழே இறங்குவதில்லை. இருக்கையில் அமர்ந்தபடியே ஒரு நெம்புகோலை நகர்த்துகிறார். நீண்ட குழாய் வெளிப்புறம் திரும்பி, அருகில் நிற்கும் டிராக்டர் டிரெய்லரில் நெல்லைக் கொட்டுகிறது. குழாயைத் திருப்புவது எண்ணெயின் அழுத்தம்.

விளையாட்டுத் திடலிலும் தோப்பிலும் ஓடும் சிறிய புல்வெட்டும் இயந்திரத்துக்கு இத்தகைய வசதி பெரும்பாலும் இருப்பதில்லை. அதற்கு எண்ணெய் அழுத்தமும் தேவையில்லை. 12 வோல்ட் பாட்டரியும் கைக்கு அடக்கமான ஒரு மோட்டாரும் போதும். அதை எப்படி அமைப்பது, அமைக்கும்போது எதை மறக்கக் கூடாது என்பதைக் காண்போம்.

கல் பறக்கும் வேகம்

இங்கிலாந்தைச் சேர்ந்த எட்வின் பட்டிங் 1830-இல் புல்வெட்டியை உருவாக்கினார். கம்பளித் துணியின் பிசிறை நறுக்கும் ஆலை இயந்திரமே அவருக்கு வழிகாட்டியது. அதில் கத்திகள் ஓர் உருளையின் மேல் அமைந்திருந்தன. இன்று பரவலாக உள்ள புல்வெட்டிகளில் கத்தி, மின்விசிறியின் இறக்கை போலக் கிடையாகச் சுழல்கிறது. வெட்டிய புல் பக்கவாட்டிலுள்ள ஒரு வாய் வழியே வீசப்படுகிறது. அந்த வாயின் முன்னே கீலில் ஒரு மூடி தொங்குகிறது.

50 செ.மீ. நீளமுள்ள கத்தி நிமிடத்துக்கு 3,000 முறை, அதாவது வினாடிக்கு 50 முறை சுழல்வதாகக் கொள்வோம். ஒரு சுற்றில் அதன் முனை கடக்கும் தூரம் 3.14 × 0.5 = 1.57 மீட்டர். எனவே முனையின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 78 மீட்டர். மணிக்கு 280 கிலோமீட்டர்! திருச்சி நெடுஞ்சாலையில் வேப்பூரைக் கடக்கும் எந்தப் பேருந்தும் இந்த வேகத்தை நெருங்காது.

புல்லிடையே கிடக்கும் ஒரு கல்லில் கத்தி மோதினால் என்ன ஆகும்? கல் முழு வேகத்தையும் பெற வேண்டியதில்லை. பாதி வேகம் பெற்றாலே, அது 78 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல்லுக்கு ஒப்பாகும் (காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளவில்லை). தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரமே ஏறத்தாழ 66 மீட்டர்தான். அதன் உச்சியிலிருந்து விழும் கல்லின் கீழே யாரேனும் நிற்பார்களா? ஆனால் புல்வெட்டியின் பக்கத்தில் சிறுவர்கள் நிற்கிறார்கள்.

அந்தக் கல்லைத் தடுத்து மண்ணில் இறக்குவதற்காகவே மூடி இருக்கிறது. ஆனால் ஈரப் புல் வாயை அடைத்துக்கொள்கிறது என்று சிலர் அதைக் கயிற்றால் தூக்கிக் கட்டிவிடுகிறார்கள். ஆளில்லாத இடத்தில் தூக்கவும், ஆள் தென்பட்டவுடன் இறக்கவும் இருக்கையிலிருந்தே முடியுமானால் இந்தக் கயிறு தேவைப்படாது.

எவ்வளவு விசை வேண்டும்?

மூடியின் நிறை 3 கிலோகிராம், நீளம் 30 செ.மீ. என்போம். அதன் ஈர்ப்பு மையம் கீலிலிருந்து 15 செ.மீ. தொலைவில் உள்ளது. செங்குத்தாகத் தொங்கும் மூடியை 60 பாகை உயர்த்தும்போது, எடையின் திருப்புத்திறன் சுமார் 3.8 நியூட்டன் மீட்டர் ஆகிறது. கீலிலிருந்து 6 செ.மீ. தள்ளி நேர்குறுக்காக இழுத்தால், 3.8-ஐ 0.06-ஆல் வகுக்க, 64 நியூட்டன் விசை போதும். ஆனால் இழுப்பு சாய்வாக அமையலாம், கீலில் மண் சேரலாம், புல் சிக்கலாம். ஆகவே 300 நியூட்டன் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். 60 பாகை திரும்புகையில், இழுக்கும் புள்ளியின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே நேர்த்தூரம் 6 செ.மீ. ஆகும். இதுவே நமக்கு வேண்டிய நகர்வு.

300 நியூட்டன் விசையால் 6 செ.மீ. இழுக்கச் செய்யும் வேலை 18 ஜூல். 3 வினாடியில் முடிக்கத் தேவையான திறன் வெறும் 6 வாட். ஆனால் திருகிலும் பற்சக்கரத்திலும் மோட்டாரிலும் உராய்வும் வெப்பமும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே சுமார் 50 வாட் மோட்டார் தேவை. 12 வோல்ட்டில் மின்னோட்டம் 4 ஆம்பியர்.

திருகு என்னும் சாய்தளம்

மோட்டாரின் சுழற்சியை நேர்கோட்டு நகர்வாக மாற்ற, ஒரு திருகும் அதன்மேல் ஓடும் நட்டும் போதும். நட்டு சுழலாதபடி பிடித்துக்கொண்டால், திருகு சுழல நட்டு நகரும். ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. நகர்வு என்றால் 6 செ.மீ. தூரத்துக்கு 30 சுற்று. 3 வினாடியில் 30 சுற்று என்பது நிமிடத்துக்கு 600 சுற்று. 3,000 சுற்று மோட்டாருடன் ஐந்துக்கு ஒன்று பற்சக்கரம் சேர்த்தால் கணக்குச் சரியாகும்.

பழைய வாகன வைப்பர் மோட்டாரைப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். அது நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றுமானால், மூடி இறங்க 40 வினாடி பிடிக்கும். ஒரு குழந்தை திடலுக்குள் ஓடிவர அவ்வளவு நேரம் வேண்டியதில்லை.

திருகின் புரியைப் பிரித்து விரித்தால் அது ஒரு சாய்தளமே. 12 மி.மீ. திருகில் 34 மி.மீ. சென்றால் 2 மி.மீ. ஏற்றம், அதாவது 17-க்கு 1. உராய்வுக் குணகம் 0.15 உள்ள பரப்பில், சரிவு ஏறத்தாழ 7-க்கு 1 ஆனால்தான் பொருள் தானாக வழுக்கத் தொடங்கும். நமது சரிவு அதைவிட மிகக் குறைவு. எனவே மோட்டாரை நிறுத்தினாலும் மூடியின் எடை திருகைப் பின்னோக்கிச் சுழற்றாது. மின்னோட்டம் இல்லாமலே மூடி நின்ற இடத்தில் நிற்கும். இது பெரிய வசதி. இதுவே ஆபத்தும் ஆகும். அதைப் பின்னர் பார்ப்போம்.

எல்லையில் நிற்க வேண்டும்

நேர்மின்னோட்ட மோட்டாரின் முனைகளை மாற்றி இணைத்தால் அது எதிர்த்திசையில் சுழலும். இறுதி எல்லையை அடைந்த பின்னும் மின்னோட்டம் தொடர்ந்தால்? ஓடும் மோட்டார் தன்னுள்ளேயே ஓர் எதிர் மின்னியக்கு விசையை உண்டாக்குகிறது. அது 9.6 வோல்ட், கம்பிச் சுருளின் தடை 0.6 ஓம் என்றால், மின்னோட்டம் 2.4-ஐ 0.6-ஆல் வகுக்க 4 ஆம்பியர். மோட்டார் தடைபட்டு நின்றால் எதிர் விசை மறைந்துவிடும். முழு 12 வோல்ட்டும் சுருளின்மீது விழ, மின்னோட்டம் 20 ஆம்பியர். ஐந்து மடங்கு மின்னோட்டம் இருபத்தைந்து மடங்கு வெப்பம். சுருள் கருகிவிடும்.

இதைத் தவிர்க்க, இரு முனைகளிலும் ஓர் எல்லை சுவிட்ச் வையுங்கள். நட்டு வந்து தொட்டதும் அது சுற்றைத் துண்டிக்கும். ஒவ்வொரு சுவிட்ச்சுக்கும் குறுக்கே ஒரு டையோடு வைத்தால், திரும்பிச் செல்லும் திசையில் மட்டும் மின்னோட்டம் பாயும். இல்லையேல் எல்லைக்குப் போன நட்டு அங்கேயே சிக்கிக்கொள்ளும். பாட்டரிக்கு அருகில் 7.5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும் இருக்கட்டும். வீட்டிலுள்ள பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் அதே காவல் பணியை இது வண்டியில் செய்கிறது.

ஆணை இல்லாதபோது

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். மூடி திறந்திருக்கிறது. ஓட்டுநர் இறங்கிவிட்டார்; அல்லது சுவிட்ச்சின் கம்பி அறுந்துவிட்டது. மூடி என்ன செய்யும்? மேலே சொன்ன அமைப்பில் அது திறந்தேதான் இருக்கும். கயிற்றால் தூக்கிக் கட்டியவருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

விருத்தாசலம் சந்திப்பில் நிற்கும் ரயிலை எண்ணிப் பாருங்கள். அதன் பிரேக் குழாயில் காற்றழுத்தம் இருக்கும்வரைதான் பிரேக் விலகி நிற்கும். குழாய் அறுந்தால் பிரேக் தானே பிடிக்கும். ஓடுவதற்கு ஆணை வேண்டும், நிற்பதற்கு வேண்டியதில்லை. அமெரிக்காவில் நடந்து தள்ளும் புல்வெட்டிகளுக்கு 1982-இல் நடைமுறைக்கு வந்த விதியும் இத்தகையதே. கைப்பிடியை விட்ட 3 வினாடிக்குள் கத்தி நின்றுவிட வேண்டும். நம் நாட்டில் கதிரடிக்கும் இயந்திரங்களில் உழவர்கள் கைகளை இழந்துவந்த நிலையில், 1983-இல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது.

நமது மூடிக்கும் இக்கொள்கையைப் பொருத்துவோம். இரண்டு தொகுதி தொடுமுனைகள் கொண்ட ஒரு ரிலேயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சுருளுக்கு மின்னோட்டம், இருக்கைக்கு அடியிலுள்ள ஒரு சுவிட்ச், கையருகே உள்ள ஒரு சுவிட்ச் இரண்டையும் கடந்தே வரட்டும். இரண்டும் மூடியிருந்தால் மட்டுமே ரிலே இழுத்து, மோட்டார் திறக்கும் திசையில் சுழலும். ஓட்டுநர் எழுந்தாலோ, கையை எடுத்தாலோ, சுருளின் கம்பி அறுந்தாலோ, ரிலேயின் வில் தொடுமுனைகளைப் பின்னுக்குத் தள்ளும். மோட்டார் மூடும் திசையில் ஓடும்.

பாட்டரிக் கம்பியே அறுந்தால்? அதற்காக நட்டையும் மூடியையும் ஒரு சாண் சங்கிலியால் இணையுங்கள். சங்கிலியை ஒரு பின்னால் மாட்டி, பின்னிலிருந்து இருக்கைக்கு ஒரு கயிறு விடுங்கள். கயிற்றை இழுத்தால் பின் கழன்று, மூடி தன் எடையாலேயே விழும். சங்கிலிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அது இழுக்கும், தள்ளாது. மூடும்போது இடையில் கை அகப்பட்டாலும் அதன்மேல் விழுவது மூடியின் எடை மட்டுமே; 300 நியூட்டன் அன்று.

செய்து பார்ப்போருக்கு

முதலில் மேசைமேல் அமைத்து, மூடிக்குப் பதில் 3 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டுச் சோதியுங்கள். ஒவ்வொரு கம்பியாகக் கழற்றி, எடை கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். எந்தக் கம்பியைக் கழற்றினால் இறங்கவில்லையோ, அங்கே பின்னும் கயிறும் உதவுகின்றனவா என்று பார்க்க வேண்டும். வண்டியில் பொருத்தும்போது எஞ்சினை நிறுத்தி, தீப்பொறிப் பிளக்கின் கம்பியையும் கழற்றிவிடுங்கள். இந்த அமைப்பு மூடியை நகர்த்துமே தவிர, அடைத்த புல்லைக் கையால் எடுக்க அனுமதி தராது. அதற்குக் கத்தி முழுவதும் நின்றாக வேண்டும்.

ஓர் இயந்திரத்துக்கு மோட்டார் பூட்டும்போது, 'சொன்னால் கேட்குமா?' என்பது முதல் கேள்வி. 'சொல்ல ஆளில்லாதபோது என்ன செய்யும்?' என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்விக்கும் விடை கண்ட பிறகே திடலில் இறக்குங்கள்.