காடும் கருவூலமும்

மாணவ நண்பர்களே, ஒரு நாட்டின் செழிப்பை அதன் தலைநகரில் மட்டும் தேடுவது முறையன்று. மலைக்கும் ஆற்றுக்கும் இடையே ஒதுங்கிக் கிடக்கும் சிற்றூர்களில் பள்ளி நடைபெறுகின்றதா, சாலை செப்பமாக உள்ளதா, நூலகத்தின் கதவு திறந்திருக்கின்றதா என்பவற்றையும் காண வேண்டும். இவற்றுக்கெல்லாம் பொருள் வேண்டுமே, அப்பொருளைத் தருவோர் யார்? இவ்வினாவுக்கு விடை காண அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையிலுள்ள ஆரிகன் மாநிலத்துக்குச் செல்வோம். அங்கே நம் மாவட்டத்தை ஒத்த ஆட்சிப் பகுதியைக் 'கவுண்டி' என்பர். நாம் காணப்போவது டக்ளஸ் கவுண்டி.

இக்கவுண்டி 1852ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. கிழக்கே காஸ்கேடு மலைத்தொடரும் மேற்கே பசிபிக் பெருங்கடலும் இதன் எல்லைகள். இதன் பரப்பு ஏறத்தாழ 5,000 சதுர மைல். மக்கள் தொகையோ 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி 1,11,000 அளவே. ரோஸ்பர்க் இதன் தலைமை நகர். அம்ப்குவா ஆறு இந்நிலத்தை ஊடறுத்துக் கடலில் கலக்கின்றது. கவுண்டியின் பெயர் ஸ்டீபன் டக்ளஸ் என்னும் அரசியல் தலைவரைக் குறிப்பது. அங்கே வானளாவ நிற்கும் 'டக்ளஸ் ஃபிர்' மரமோ, டேவிட் டக்ளஸ் என்னும் ஸ்காத்லாந்துத் தாவர அறிஞரின் பெயரைத் தாங்கியது. பழங்குடி ஒருவரின் புகையிலைப் பையில் கண்ட விதைகளின் தாய்மரத்தைத் தேடிப் புறப்பட்ட இவ்வறிஞர், 1826ஆம் ஆண்டில் இவ்வட்டாரத்திலேதான் சர்க்கரைப் பைன் மரத்தைக் கண்டார்.

மரமே இக்கவுண்டியின் வாழ்வு. மரமே இதன் மரபு. இங்குள்ள பழைய பாலங்கள் சிலவற்றுக்குக் கூரையும் பக்கச் சுவர்களும் உண்டு. கல்லபூயா ஓடையின்மேல் 1933இல் கட்டப்பட்ட ராச்செஸ்டர் பாலம் அத்தகையது. பாலத்துக்குக் கூரை எதற்கு என்று நீங்கள் வியக்கலாம். மழை மிகுந்த நாட்டில் திறந்து கிடக்கும் மரச்சட்டம் விரைவில் உளுத்துவிடும். கூரையிட்டால் பல தலைமுறை நிற்கும். 1894ஆம் ஆண்டு முதல் ஒளி வீசிவரும் அம்ப்குவா ஆற்றுக் கலங்கரை விளக்கமும் இக்கவுண்டியின் பழஞ்செல்வங்களுள் ஒன்றாகும்.

ஆனால், இந்நிலத்தின் மரபு குடியேறியவர்களோடு தொடங்கியதன்று. கௌ கிரீக் அம்ப்குவா என்னும் பழங்குடியினர் 1853இல் கூட்டரசோடு உடன்படிக்கை செய்து, 800 சதுர மைலுக்கு மேற்பட்ட தம் நிலத்தைக் கைவிட்டனர். ஏக்கருக்கு அவர்கள் பெற்ற விலை ஏறத்தாழ 2.3 சென்ட், அதே அரசு குடியேறிகளுக்கு விற்ற விலையோ ஏக்கருக்கு 1.25 டாலர். 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் அவர்கள் ஒரு தனிக்குடி என்ற ஏற்பையும் இழந்தனர். 1982இல்தான் அதனை மீண்டும் பெற்றனர்.

இனிப் பொருளின் செய்திக்கு வருவோம். கவுண்டியின் நிலத்தில் பாதிக்கு மேற்பட்டது கூட்டரசுக்கு உரியது. அந்நிலத்துக்குக் கவுண்டி வரி விதிக்க இயலாது. வரி தராத நிலம் மிகுந்திருப்பின் பள்ளியும் சாலையும் எவ்வாறு நடைபெறும்? ஆகவே, காட்டு மரம் விற்ற வருவாயில் நாலிலொரு பங்கைப் பள்ளிகளுக்கும் சாலைகளுக்கும் தரவேண்டும் என 1908ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. எனவே, இது வாரி வழங்கிய கொடையன்று. இழந்த வரிக்கு ஈடு என்பதை மனத்திற் கொள்ளுங்கள்.

ஆரிகனில் இதனோடு ஓர் இருப்புப்பாதை வரலாறும் பின்னிக் கிடக்கின்றது. போர்ட்லாந்திலிருந்து கலிபோர்னியா எல்லை வரை பாதை அமைப்பதற்காக 1866இல் ஒரு நிறுவனத்துக்குப் பெருநிலம் வழங்கப்பட்டது. அதனைக் குடியேறிகளுக்குச் சிறு சிறு பகுதிகளாகக் குறைந்த விலையில் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. நிறுவனம் அதனை மீறிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1916இல் நிலம் கூட்டரசிடமே திரும்பியது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிலத்து மர வருவாயில் பெரும் பங்கை ஆரிகனின் 18 கவுண்டிகளுக்கு உரிமையாக்கியது. பிற்காலத்தில் நடைமுறையில் அது பாதியாயிற்று. அக்கவுண்டிகளுக்குரிய பங்கில் ஏறத்தாழ நாலிலொன்று டக்ளஸ் கவுண்டிக்கே வந்தது. காடு கொடுத்தது, கருவூலம் நிறைந்தது, மக்கள் மீது வரியும் குறைவாகவே நின்றது.

வெட்டிய மரம் மீண்டும் வளர நெடுங்காலம் ஆகும். முதிர்ந்த காடு சுருங்கவே, அதையே உறைவிடமாகக் கொண்ட வடபுலப் புள்ளி ஆந்தையும் அருகியது. 1990இல் அது அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1994இல் அப்பகுதிக் காடுகளுக்கென வகுக்கப்பட்ட திட்டம் மரம் வெட்டுதலைப் பெரிதும் குறைத்தது. அறுவை ஆலைகளில் வேலை சுருங்கியது, கருவூலமும் வற்றியது. ஆந்தையைக் காத்தல் அறம்; தொழிலாளியின் அடுப்பெரிதலும் அறம். இரண்டுக்கும் இடந்தேடுவதே ஆட்சியின் கடமையாகும்.

கூட்டரசு முதலில் இடைக்கால உதவி தந்தது. பின்னர் 2000ஆம் ஆண்டில் ஊரகப் பள்ளிகளுக்கென ஒரு சட்டம் இயற்றி, முற்காலத்தில் வருவாய் மிகுந்திருந்த ஆண்டுகளின் சராசரியைக் கொண்டு தொகையை வரையறுத்தது. எனினும், அச்சட்டம் காலக்கெடு உடையது. கெடு முடிவதும், தொகை குறைவதும், மன்றாடிப் புதுப்பிப்பதும் பலமுறை நிகழ்ந்துள்ளன. உள்ளூரிலேயே வரியை உயர்த்தலாகாதா என்று நீங்கள் கேட்கக்கூடும். 1990இலும் 1997இலும் ஆரிகன் மக்கள் ஏற்ற அரசியலமைப்புத் திருத்தங்கள் அதற்கு வரம்பு கட்டிவிட்டன. டக்ளஸ் கவுண்டியின் நிலையான வரி, ஆயிரம் டாலர் சொத்து மதிப்புக்கு ஏறத்தாழ 1.11 டாலரே. அதற்குமேல் வேண்டுமாயின் மக்களின் வாக்கைப் பெற வேண்டும்.

இதன் விளைவு நூலகங்களில் வெளிப்பட்டது. நூலகங்களுக்கெனத் தனி வரி விதிக்கும் திட்டம் 2016 நவம்பரில் வாக்குக்கு வந்தது. மக்கள் அதனை ஏற்கவில்லை. 2017ஆம் ஆண்டின் வசந்தத்தில் சிற்றூர்க் கிளைகள் பத்தும் கவுண்டியின் கையைவிட்டன. பின்னர் ரோஸ்பர்க்கின் தலைமை நூலகமும் மூடப்பட்டது. ஒரு கவுண்டி முழுமைக்கும் நூலகத் துறையே இல்லாமற்போயிற்று. பள்ளியில் வாழ்நாளைக் கழித்த எனக்கு, மூடிய ஆலையைக் காட்டிலும் மூடிய நூலகமே மிகுந்த துயரம் தருகின்றது. ஆலை மூடினால் இன்றைய ஊதியம் போகும். நூலகம் மூடினால் வேறு தொழில் கற்றுக்கொள்ளும் வாயிலும் அடைபடும்.

ஆயினும், கதை அங்கே முடியவில்லை. சிற்றூர்கள் பலவற்றில் தொண்டர்களே முன்வந்து நூலகங்களை நடத்தினர். ரோஸ்பர்க்கில் நகராட்சி பொறுப்பேற்றது; கொடையாளர்கள் துணை நின்றனர்; 2018 டிசம்பரில் நூலகம் மீண்டும் திறக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிவன யாவை? வரி தராத நிலத்தை வைத்திருக்கும் அரசு, அந்நிலத்தின் நடுவே வாழும் மக்களுக்கு ஈடு தரக் கடமைப்பட்டது. அவ்வீடு ஆண்டுக்கொருமுறை அஞ்சிக் காத்திருக்க வேண்டியதாக இருத்தலாகாது. அதேபோல, ஒற்றை விளைபொருளை நம்பிய ஊர் ஒற்றைத் தூணில் நின்ற மண்டபத்துக்கு ஒப்பாகும். மூன்றாவதாக, வெளியிலிருந்து வரும் பொருள் கட்டடத்தைத் தாங்கலாம். அதன் கதவைத் திறந்து வைப்பவர் ஊராரே. மரப்பாலத்துக்குக் கூரையிட்ட முன்னோர், மழை வருமுன் அதனைச் செய்தனர். பொதுநலனுக்கான ஏற்பாடுகளையும் அவ்வாறே முன்கூட்டிச் செய்து வைப்பதே அறிவுடைமையாகும்.