உடும்புப் பிடி

மலைநாட்டிலே தோன்றி, ஏறத்தாழ 145 கிலோமீற்றர் தூரம் ஓடிவரும் களனி கங்கை, கொழும்பின் வடக்கெல்லையில் கடலோடு கலக்கின்றது. ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே வாயிலாக அமைந்தமையாலேயே அவ்விடம் முகத்துவாரம் என்னும் பெயரைப் பெற்றது. அங்குள்ள மீன்பிடித் துறைமுகத்திலே, படகுகள் கரைசேரும் வேளையில், தொழிலாளரின் கைகளை உற்றுநோக்குவோர்க்கு ஓர் உண்மை விளங்கும். நீரில் ஊறிய கயிறு வழுக்கும், வலையோ கனக்கும், அலையோ படகைப் பின்னுக்கு இழுக்கும். இழுப்பவனின் தோளும் முதுகும் எத்துணை வலியனவாயினும், அவ்வலிமை கயிற்றைச் சென்றடைவதற்கு ஒரே வழி அவனுடைய விரல்களே. விரல்கள் ஒரு கணம் தளர்ந்தால், கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடிவிடும்.

பிடியின் பெருமையைத் தமிழர் நன்கு அறிந்திருந்தனர். விடாப்பிடியாக நிற்பவனை 'உடும்புப் பிடி பிடிக்கிறான்' என்பது வழக்கு. இப்பிடியின் வலிமை எங்கிருந்து வருகின்றது? அதனை எவ்வாறு வளர்க்கலாம்? அதனை அளந்து மருத்துவர்கள் அறிவது யாது? இவை அறிந்துகொள்ளத்தக்க செய்திகள்.

முதலாவதாக, பிடி என்பது ஒன்றன்று, மூவகைப்படும். உள்ளங்கையில் வைத்த பொருளை விரல்களால் நெரித்தல் ஒருவகை. இடியப்ப உரலின் இரு கைபிடிகளையும் சேர்த்து அழுத்தும் இல்லத்தரசியிடம் இவ்வகையைக் காணலாம். பெருவிரலும் ஏனைய விரல்களும் எதிரெதிராய் நின்று ஒரு பலகையைக் கவ்வித் தூக்குதல் இரண்டாவது. நீர் நிறைந்த வாளியைத் தாங்கிக்கொண்டு நெடுந்தூரம் நடப்பது போல, பிடித்ததை விடாது தாங்கி நிற்றல் மூன்றாவது. இவற்றுள் ஒன்றில் வல்லவன் மற்றையவற்றிலும் வல்லவனாய் இருப்பான் என்பதற்கில்லை.

மனிதனின் ஒரு கையிலே மணிக்கட்டுத் தொடக்கம் விரல்நுனி வரை 27 எலும்புகள் உள்ளன. ஆயினும் விரல்களை வன்மையாக மடக்கும் பெருந்தசைகள் விரல்களில் இல்லை. அவை முன்னங்கையிலே உள்ளன. அங்கிருந்து நீளும் தசைநாண்கள், மணிக்கட்டிலுள்ள ஒடுங்கிய வழியூடாகச் சென்று விரலெலும்புகளைப் பற்றுகின்றன. பொம்மலாட்டக்காரன் மேலே நின்று நூலை இழுக்க, பொம்மையின் கை கீழே அசைவது போன்றது இது. வலக்கை முட்டியை இறுக மூடி, இடக்கையால் வலது முன்னங்கையைத் தொட்டுப் பார்த்தால், அங்கே தசைகள் திரண்டெழுவதை எவரும் உணரலாம். மணிக்கட்டை உட்புறமாக நன்கு வளைத்துக்கொண்டு முட்டியை மூட முயன்றால், பிடி தளர்ந்துவிடும். மடக்கும் தசைகள் முன்னரே குறுகிவிடுவதால், மேலும் சுருங்கி இழுக்க அவற்றிற்கு இடமில்லாது போகின்றது. மணிக்கட்டு சற்றே பின்சாய்ந்து நிற்கும்போதே பிடி முழு வலிமை பெறும்.

நெரிக்கும் பிடியைப் பயில்வதற்கென அமைந்த கருவியே கைப்பிடி வில். இரு கைபிடிகளையும் அவற்றின் தலைப்பிலே சுருண்ட ஓர் உருக்குக் கம்பியையும் உடையது அது. கைபிடிகள் ஒன்றையொன்று தொடும்வரை ஒரு கையால் நெரிப்பதே சாதனை. கடைகளில் விற்கும் எளிய வில்லைச் சிறுவரும் மூடிவிடுவர். ஆனால் அமெரிக்காவிலே அயன்மைன்ட் என்னும் நிறுவனம் செய்யும் 'கேப்டன்ஸ் ஒஃப் கிரஷ்' வில்களின் கதை வேறு. அவற்றுள் முதலாம் இலக்க வில்லின் வன்மை 140 இறாத்தல் எனக் குறிக்கப்பட்டுள்ளது. இரண்டாவது 195, மூன்றாவது 280, நான்காவதோ 365 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 165 கிலோகிராம். மூன்றாவதை மூடியவர் என 1991இல் முதன்முதல் சான்று பெற்றவர் றிச்சர்ட் சொறின். நான்காவதை மூட மனிதக் கையால் இயலாது எனப் பலர் எண்ணியிருந்த வேளையில், 1998இல் ஜோ கின்னி என்பவர் அதனை மூடிக் காட்டினார். பின்னர் அதே வில்லை மூடியவருள் ஒருவர், உலகின் மிகவலிய மனிதர் என்னும் பட்டத்தை 1998இல் வென்ற சுவீடன் நாட்டு மக்னஸ் சாமுவெல்சன்.

280 இறாத்தல் என்றதும், அந்நிறையுள்ள மூட்டையைத் தூக்குவதற்கு அது சமம் என்று கொள்ளலாகாது. நெம்புகோலின் நியதி இங்கே ஆட்சி செய்கின்றது. கைபிடியின் நுனியை அழுத்தினால் குறைந்த விசை போதும். சுருளுக்கு அருகில் அழுத்தினால் மிகுந்த விசை வேண்டும். ஆகவே கை எங்கே பதிகின்றது என்பதைப் பொறுத்து ஒரே வில் இலகுவாகவும் கடினமாகவும் தோன்றும். அன்றியும், வில் மூடமூட அதன் எதிர்ப்பு வளர்ந்துகொண்டே செல்லும். விரல்களோ, முழுவதும் மடங்கும் தறுவாயில்தான் வலிமை குன்றுகின்றன. கருவி மிக வலிதாகும் இடமும் கை மிக மெலிதாகும் இடமும் ஒன்றாய் நேர்வதாலேயே, கடைசி அரை அங்குலத்தைக் கடப்பதற்குச் சிலருக்கு ஆண்டுகள் பல செல்கின்றன.

பிடித்தற்கரிய பொருளைத் தூக்குவதும் இத்துறையில் ஒரு சாதனையே. இங்கிலாந்தின் தோமஸ் இஞ்ச் (1881–1963) என்னும் பலவானிடம் ஓர் இரும்புக் குண்டுத்தடி இருந்தது. அதன் நிறை 172 இறாத்தலே. ஆயினும் கைபிடியின் பருமன் ஏறத்தாழ ஆறு சென்ரிமீற்றர். அதனைச் சுற்றிப் பெருவிரலால் ஏனைய விரல்களைப் பூட்ட இயலாது. தூக்கத் தொடங்கியதும் அது உருண்டு கையை விட்டு நழுவும். அதனைவிடப் பெரும்பாரம் தூக்கிய பலவான்கள் பலரும் ஒரு கையால் அதனை எடுக்க முடியாது திகைத்தனர். தென்தமிழ்நாட்டுக் கிராமங்களிலே, இளைஞர் தம் வீரத்தைக் காட்டத் தூக்கிய இளவட்டக்கல்லும் இத்தகையதே. வழவழப்பாக உருண்டு திரண்ட அக்கல்லிலே விரல் பற்றுவதற்கு ஓரிடமும் இராது.

கைப்பயிற்சிக் கருவிகளை உலகெங்கும் பரப்பியவருள் முதன்மையானவர் ஜேர்மனியில் 1867இல் பிறந்த இயூஜின் சாண்டோ. இரு பாதிகளாகப் பிளந்து, இடையே விற்சுருள்களைப் பொருத்திய குண்டுத்தடி ஒன்றை அவர் விற்பனை செய்தார். அதனை நெரித்துப் பிடித்தவாறே கைகளை அசைத்துப் பயில வேண்டும். அவர் 1905ஆம் ஆண்டளவில் இந்தியாவிலும் பயணம் செய்தார். அவருடைய பெயர் தமிழகத்திலே பலவானுக்குரிய பட்டமாகவே நிலைத்துவிட்டது. கோயம்புத்தூரைச் சேர்ந்த திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவர், 'சாண்டோ' என்னும் அடைமொழியுடனேயே அறியப்பட்டார்.

பாரம் தூக்கும் வீரர்கள் பிடியின் குறையை ஓர் உபாயத்தால் வெல்கின்றனர். பெருவிரலைத் தண்டோடு சேர்த்து வைத்து, அதன்மேல் ஏனைய விரல்களை மடித்துப் பூட்டுகின்றனர். கொக்கிப் பிடி என்பது இதுவே. தொடக்கத்தில் பெருவிரல் பெரிதும் வலிக்கும். ஆனால் தண்டு உருண்டு நழுவாது. வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் 77 கிலோகிராம் பிரிவிலே தங்கம் வென்றார். அங்கு அவர் ஒரே வீச்சில் தலைக்குமேல் உயர்த்திய பாரம் 149 கிலோகிராம். அத்தகைய பாரம் நிலத்தை விட்டெழும் கணத்தில், தோளும் தொடையும் ஆற்றும் வேலை அனைத்தும் பத்து விரல்களின் பூட்டையே நம்பியுள்ளது.

சாதனைகளோடு இவ்விடயம் முடிந்துவிடவில்லை. சித்த வைத்தியர் நோயாளியின் மணிக்கட்டைப் பற்றி நாடி பார்ப்பார். இன்றைய மருத்துவரோ, விசைமானி ஒன்றை நோயாளியின் கையில் கொடுத்து, இயன்றமட்டும் நெரிக்கச் சொல்கின்றார். 17 நாடுகளில் ஏறத்தாழ ஓர் இலட்சத்து நாற்பதாயிரம் பேரை ஆராய்ந்த பெரும் ஆய்வொன்று 2015இல் வெளியாயிற்று. அதில் இந்திய மக்களும் இடம்பெற்றனர். பிடி ஐந்து கிலோகிராம் குறையுந்தோறும், ஆய்வுக் காலத்தில் மரணம் நேரும் வாய்ப்பு 16 வீதம் மிகுந்திருந்ததை அவ்வாய்வு காட்டியது. இதனை முன்னறிவிப்பதில் குருதியமுக்கத்தின் மேலெண்ணைக் காட்டிலும் கைப்பிடி சிறந்து நின்றது. முதுமையில் தசை நலிதலைக் கண்டறிய ஆசிய மருத்துவர் குழு 2019இல் வகுத்த நெறியின்படி, ஆணின் பிடி 28 கிலோகிராமுக்கும் பெண்ணின் பிடி 18 கிலோகிராமுக்கும் குறையுமாயின் கவனம் வேண்டும்.

எனினும், காரணத்தையும் அறிகுறியையும் ஒன்றெனக் கருதலாகாது. வெப்பமானியைக் குளிர்நீரில் நனைத்தால் காய்ச்சல் தணிந்துவிடாது. அவ்வாறே, ஏனைய உறுப்புகளைச் சோம்பலில் விட்டுக் கையை மாத்திரம் பயிற்றுவதால் ஆயுள் நீளும் என எதிர்பார்த்தல் தகாது. நடத்தல், உழைத்தல், போதிய உணவு ஆகியவற்றால் உடல் முழுவதும் பெறும் நலத்தையே கைப்பிடி எடுத்துரைக்கின்றது.

இக்காலத்தில் அந்நலம் குன்றிவருகின்றதோ என்னும் ஐயம் எழுந்துள்ளது. அமெரிக்காவிலே 2016இல் வெளியான ஓர் ஆய்வு, இளம் ஆடவரின் பிடி 1985இல் அளக்கப்பட்டதிலும் குறைந்திருப்பதைக் கண்டது. கொழும்பிலும் காரணத்தைத் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. ஒருகாலத்தில் துறைமுகத் தொழிலாளர் அரிசி மூட்டைகளையும் தேயிலைப் பெட்டிகளையும் கையாலும் தோளாலும் ஏற்றி இறக்கினர். 1980களில் கொள்கலன் முனையங்கள் எழுந்த பின்னர், அவ்வேலையைப் பாரந்தூக்கிகள் ஏற்றுக்கொண்டன. அம்பாப் பாடல் பாடிக் கரைவலை இழுத்த கரைகள் சிலவற்றிலே பின்னர் உழவு இயந்திரம் வலையை இழுக்கத் தொடங்கியது. முதுகொடிந்த உழைப்பு நீங்கியது நன்றே; அதை மீண்டும் வேண்டுவார் எவருமிலர். ஆனால் அவ்வுழைப்பு கேளாமலே கொடுத்த வலிமையை இனி மனிதன் தானே தேடிப் பெறவேண்டியுள்ளது.

அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. நனைந்த துணியைச் சொட்டு நீரின்றிப் பிழிதல், வாளி நீரை இரு கைகளிலும் ஏந்தி நடத்தல், உறுதியான தண்டைப் பற்றிச் சில விநாடி தொங்குதல் ஆகியன போதும். வில் பயில்வோர், பத்துமுறை எளிதில் மூடக்கூடிய ஒன்றிலே தொடங்குதல் நன்று. தசைநாண்கள் தசைகளைப் போல விரைவில் வலுப்பெறாவாதலின், இடையிடையே ஓய்வு நாட்கள் அவசியம். மூடும் பயிற்சிக்கு ஈடாக, விரல்களைச் சுற்றி இறப்பர் வளையமிட்டு விரித்துப் பழகுதலும் வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு நெரித்தால் குருதியமுக்கம் சட்டென உயரும். இருதய நோயுடையோர் மருத்துவரைக் கேளாது இதில் இறங்கலாகாது. விரல்களில் விறைப்போ எரிவோ தோன்றின் அன்றே நிறுத்திவிடுதல் அறிவுடைமை.

நான்காம் இலக்க வில்லை மூடுவோர் உலகில் மிகச் சிலரே. ஆனால் எழுபது வயதிலே பேருந்தின் கம்பியைத் தடுமாறாது பற்றுதலும், போத்தலின் மூடியைப் பிறர் உதவியின்றித் திறத்தலும், பேரக்குழந்தையின் கையை நழுவவிடாது தெருவைக் கடத்தலும் எல்லோருக்கும் வேண்டிய சாதனைகள். முகத்துவாரத்துத் தொழிலாளி ஈரக் கயிற்றிலே காட்டும் அப்பிடி, ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய செல்வமாகும்.