கடலூர், சிதம்பரம் பகுதிகளில் வெற்றுக்கண் வான்நோக்கல்

வெற்றுக்கண் வான்நோக்கல் என்பது தொலைநோக்கி முதலிய கருவிகளின் துணையின்றிக் கோள்கள், விண்மீன்கள், கிரகணங்கள் ஆகியவற்றைக் காண்பதாகும். தமிழ்நாட்டின் கடலூர், சிதம்பரம் ஆகிய ஊர்களின் அமைவிடம் இதற்கு ஏற்றது. கடலூரின் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கிழக்கு அடிவானம் மறைப்பின்றித் தெரியும். சிதம்பரத்தைச் சூழ்ந்த சமதள வயல்வெளிகளில் மேற்கு அடிவானத்தைக் காணலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின்னர் வரும் மாதங்கள் இதற்கு உகந்தவை. சூரியனைத் தவிர வானில் உள்ள ஏனைய பொருட்களை நேரடியாக நோக்குவதால் கண்ணுக்குத் தீங்கில்லை.

கோள்கள்

புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்து கோள்களும் வெற்றுக்கண்ணுக்குத் தெரியக்கூடியவை. விண்மீன்கள் மினுக்கும், கோள்கள் பெரும்பாலும் மினுக்காமல் ஒளிரும். வெள்ளி சூரியனிலிருந்து ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. எனவே அது மாலையில் மேற்கிலோ, விடியலுக்கு முன் கிழக்கிலோ மட்டுமே தோன்றும். பின்னதே விடிவெள்ளி எனப்படுகிறது. புதன் 28 பாகைக்கு மேல் விலகாததால் அதைக் காண்பது கடினம்.

வியாழன் சூரியனை ஏறத்தாழ 12 ஆண்டுகளிலும், சனி ஏறத்தாழ 29.5 ஆண்டுகளிலும் சுற்றி வருகின்றன. ஆகவே ஓர் இராசியைக் கடக்க வியாழனுக்குச் சுமார் ஓராண்டும், சனிக்குச் சுமார் இரண்டரை ஆண்டுகளும் ஆகும். பஞ்சாங்கங்களில் குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி எனக் குறிக்கப்படுவது இந்நகர்வே ஆகும். 2020 டிசம்பர் 21 அன்று இவ்விரு கோள்களும் பத்தில் ஒரு பாகை இடைவெளியில் நெருங்கித் தோன்றின.

நாள்மீன்களும் திருவிழாக்களும்

சிதம்பரம் நடராசர் கோயிலின் மார்கழித் திருவாதிரை விழா முழுநிலவை ஒட்டி வருகிறது. அன்றிரவு நிலவுக்குத் தெற்கே செந்நிறமாக ஒளிர்வது திருவாதிரை விண்மீன். 2019 இறுதியில் மங்கத் தொடங்கிய இவ்விண்மீன், 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. அது உமிழ்ந்த தூசு அதன் ஒளியை மறைத்ததே முதன்மைக் காரணம் என விளக்கப்படுகிறது. இம்மாற்றத்தை வெற்றுக்கண்ணாலேயே உணர முடிந்தது.

தேவனாம்பட்டினத்திலும் சிதம்பரத்தை அடுத்த கிள்ளையிலும் கடலாடும் விழாவாக நடைபெறும் மாசி மகத்தன்று, முழுநிலவு சிம்ம இராசியின் மக விண்மீனுக்கு அருகில் காணப்படும்.

கிரகணங்கள்

சந்திர கிரகணத்தைக் காண எவ்விதப் பாதுகாப்பும் தேவையில்லை. 2018 ஜூலை 28 அதிகாலையில் நிகழ்ந்த முழுச் சந்திர கிரகணத்தின் முழுமைநிலை 103 நிமிடங்கள் நீடித்தது. அப்போது செவ்வாயும் நிலவுக்கு அருகில் மிகுந்த ஒளியுடன் இருந்தது.

2010 ஜனவரி 15 அன்று நிகழ்ந்த வளையச் சூரிய கிரகணத்தின் பாதை கன்னியாகுமரி, இராமேசுவரம் வழியாகவும், 2019 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்ததன் பாதை கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாகவும் சென்றன. கடலூரும் சிதம்பரமும் இவ்விரு பாதைகளுக்கும் வெளியே அமைந்ததால் அங்குப் பகுதி கிரகணமே தெரிந்தது. 2031 மே 21 அன்று நிகழும் வளைய கிரகணத்தின் பாதை கேரளம், தென் தமிழ்நாடு, வட இலங்கை வழியே அமையும்.

பாதுகாப்பு

பகுதி கிரகணத்திலும் வளைய கிரகணத்திலும் எந்த நொடியிலும் சூரியனை நேரடியாக நோக்கக் கூடாது. விழித்திரையில் வலி உணர்வு இல்லாததால் காயம் ஏற்படுவது உடனே தெரிவதில்லை. பார்வைக்குறைவு பின்னரே புலப்படும். புகை படிந்த கண்ணாடி, எக்ஸ்ரே படலம், வெயில் கண்ணாடி ஆகியன பாதுகாப்பானவை அல்ல. தட்டில் மஞ்சள் நீர் ஊற்றி அதில் தெரியும் சூரியனைப் பார்க்கும் பழக்கமும் தீங்கானதே. ஐ.எஸ்.ஓ. 12312-2 தரத்திற்கு உட்பட்ட, கீறல் இல்லாத கிரகணக் கண்ணாடியையோ, 14 ஆம் எண் பற்றவைப்புக் கண்ணாடியையோ பயன்படுத்தலாம்.

செலவற்ற வழி ஊசித்துளை முறையாகும். அட்டையில் இட்ட சிறு துளை வழியே வரும் ஒளியை ஒரு மீட்டர் தொலைவில் உள்ள வெள்ளைத்தாளில் வீழ்த்தினால், ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அளவில் சூரியனின் உருவம் தெரியும். ஓலைக்கூரையின் இடுக்குகளும் மர இலைகளின் இடைவெளிகளும் இவ்வாறே செயல்பட்டு, கிரகணத்தின்போது தரையெங்கும் பிறை வடிவ ஒளிப்பொட்டுகளை உண்டாக்குகின்றன. இம்முறையில் சூரியனுக்கு முதுகு காட்டி நின்றே கிரகணம் முழுவதையும் காணலாம்.