ஜலகாம்பாறையில் ஒரு பகல்



நீர்வீழ்ச்சி என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை குற்றாலமும் ஒகேனக்கல்லும்தாம். அங்குள்ள நெரிசலை எண்ணி, ‘நீங்கள் போய் வாருங்கள்’ என்று பெண்மக்கள் வீட்டிலேயே தங்கிவிடுவதும் உண்டு. ஆரவாரம் குறைந்த அருவி ஒன்றைப் பற்றி உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். திருப்பத்தூர் மாவட்டத்து ஜலகாம்பாறை அருவியே அது.

தாம்பரத்துப் பிள்ளைகள் தண்ணீரின் இரண்டு முகங்களையே அறிவார்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர்ப் பகுதியை மூழ்கடித்த வெள்ளம் ஒன்று. 2019 கோடையில் குடங்களோடு லாரிக்காகக் காத்திருந்த வறட்சி மற்றொன்று. நீரின் மூன்றாவது முகத்தையும் என் பிள்ளைகள் காண வேண்டும் என்ற ஆவலில், மழைக்காலம் முடியும் தறுவாயில் குடும்பத்தோடு புறப்பட்டேன்.

சுப்ஹுத் தொழுகையை முடித்து மின்சார ரயிலில் பார்க் நிலையம் சென்றோம். எதிரிலுள்ள சென்ட்ரலில் வண்டி ஏறி, ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டையில் இறங்கினோம். சென்னையின் தாகத்தோடு தொடர்புடைய ஊர் இது. 2019 ஜூலை 12 அன்று 50 தொட்டி வண்டிகளில் 25 இலட்சம் லிட்டர் குடிநீரோடு முதல் ரயில் இங்கிருந்துதான் நம் நகருக்கு வந்தது. “அருவித் தண்ணீரா அத்தா?” என்று மகன் கேட்டான். குழாய் வழியே இவ்வூருக்கு வந்த காவிரி நீர் அது என்று விளக்கினேன்.

திருப்பத்தூர் சென்று அங்கிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் போனால் அருவி. ஏலகிரி மலையில் ஓடிவரும் அட்டாறு, சுமார் 15 மீட்டர் உயரப் பாறையிலிருந்து இங்கே விழுகிறது. வாரநாள் ஆகையால் ஆட்கள் குறைவு. நீரோசை கேட்டு என் துணைவியார் வெகுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். இளைய மகளோ, “ராத்திரியில் இதை யார் அத்தா மூடுவாங்க?” என்று கேட்டாள். குழாயடியிலே வளர்ந்த பிள்ளை, வேறெப்படிக் கேட்பாள்?

மழை நின்ற பிறகும் அருவி ஓடுவதற்குக் காரணம், மேலேயுள்ள காடு. மரங்களின் வேரும் சருகும் மண்ணும் மழைநீரைப் பிடித்து வைத்து, சிறுகச் சிறுக வழியவிடுகின்றன. கோடையில் அந்தச் சேமிப்பும் தீர்ந்து பாறை வறண்டுவிடும். அல்லாஹ் இறக்கும் மழை அருளென்றால், அதைத் தாங்கி நிற்கும் காடும் அருளே.

நண்பகலில் ஒரு நிகழ்ச்சி. மகன் நீரில் நின்றுகொண்டிருந்தான். எங்களுக்கு நல்ல வெயில். கொய்யாப்பழம் விற்ற மூதாட்டி மலையுச்சியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “பாய், புள்ளைய வெளியே கூப்பிடுங்க. மேலே மழை புடிச்சிருக்கு” என்றார். தயங்கியவனை அதட்டி அழைத்தேன். அரைமணி நேரத்திற்குள் தெளிந்த நீர் செந்நிறமாகிச் சீறியது. அவன் நின்ற கல்லையே காணவில்லை. அல்ஹம்துலில்லாஹ்! அந்த அம்மையாருக்கு நன்றி கூற எனக்கு நா எழவில்லை.

ஆகவே வாசகர்களே, அமைதியான அருவிக்குச் செல்வோர் சிலவற்றை மறவாதிருங்கள். மலைமேல் பெய்யும் மழை கீழே தெரியாது. உள்ளூரார் சொல்லைத் தட்டாதீர்கள். வெள்ளப்பெருக்கால் தடை விதித்திருந்தால் திரும்பி விடுங்கள். பாசி படர்ந்த பாறையில் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். சோப்பும் ஷாம்பும் வேண்டாம். பிரியாணிப் பொட்டலத்தின் உறையை உங்கள் பையிலேயே எடுத்து வாருங்கள்.

அருவி நீரில் ஒளூச் செய்து, பயணத் தொழுகையாக லுஹரைச் சுருக்கித் தொழுதோம். ஓடும் ஆற்றிலும் வீண்விரயம் கூடாதென்று மாணவர்களுக்குக் கற்பிக்கும் பாடம், அன்றுதான் எனக்கே விளங்கியது.

இரவு தாம்பரத்தில் இறங்கியதும் மகன், “நம்ம ஊரில் மழையைப் பிடிச்சு வைக்கிறது எது அத்தா?” என்றான். ஏரிகள்தாம் என்றேன். 2019இல் சிட்லபாக்கம் ஏரியில் குடியிருப்போரே திரண்டு குப்பை அள்ளியதைச் சொன்னேன். மறுவாரம் அவன் என்னை அழைத்துச் சென்றது அந்த ஏரிக்கரைக்குத்தான்.

நீங்களும் குடும்பத்தோடு ஜலகாம்பாறைக்கு ஒருமுறை சென்று வாருங்கள். திரும்பியதும் உங்கள் ஊர் ஏரியையும் ஒருமுறை பாருங்கள்.