உறங்கிய மடிக்கணினி விழிக்க மறுப்பது ஏன்?

மைசூர் மானச கங்கோத்திரியில் 1963ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மண்டலக் கல்வி நிறுவனத்திற்குத் தென் மாநில ஆசிரியர்கள் பயிற்சிக்காக வருகின்றனர். அவர்களுள் பலருக்குத் திறந்த மூல இயக்கமுறை புதியதன்று. கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. தமிழ்நாட்டில் 2011இல் மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. இரவு ரயிலில் மைசூர் வந்து சேர்ந்த ஆசிரியர், மூடிவைத்த கணினியை வகுப்பில் திறக்கும்போது திரை கருமையாகவே நிற்பதுண்டு. உடனே மின்விசையை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுவதே பலரது வழக்கம். சேமிக்கப்படாத வினாத்தாளோ கள ஆய்வுக் குறிப்போ அத்துடன் அழிந்துபோகிறது.

உறக்கம் என்பது எளிய செயலன்று. நினைவகத்திற்கு மட்டும் மின்சாரம் விடப்பட்டு, ஏனைய உறுப்புகள் அணைக்கப்படுகின்றன. விழிக்கும்போது கெர்னல் எனப்படும் இயக்கமுறையின் கரு, ஒவ்வோர் உறுப்பையும் முறைப்படி எழுப்புதல் வேண்டும். இதற்கான ஏ.சி.பி.ஐ. என்னும் பொது விதிகளை இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா நிறுவனங்கள் 1996இல் வெளியிட்டன. ஆயினும், தயாரிப்பாளர் பலர் தம் யந்திரங்களை விண்டோஸைக் கொண்டே சோதித்து அனுப்புகின்றனர். லினக்ஸில் தோன்றும் தொல்லைகளுள் பல இதன் விளைவே.

முதற்கண் அறிய வேண்டுவது, யந்திரம் விழிக்கவில்லையா அல்லது திரை மட்டும் விழிக்கவில்லையா என்பதாகும். கேப்ஸ் லாக் விசையை அழுத்துக. அதன் விளக்கு எரிந்து அணைந்தால் பெரும்பாலும் கெர்னல் உயிருடன் உள்ளது எனலாம். அடுத்து, கைவிளக்கின் ஒளியைத் திரைமீது சாய்வாகப் பாய்ச்சிப் பார்க்க வேண்டும். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால், படம் உண்டாகிறது, பின்னொளிதான் எரியவில்லை என்பது தெளிவு. ஒளியளவு விசைகளை அழுத்திப் பார்க்கலாம். எழுத்தே தெரியாவிடில், கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை தோன்றக்கூடும். வகுப்பறைப் புரொஜெக்டரை இணைத்துப் பார்ப்பதும் பயன் தரும்.

திரை அமைப்பைக் கெர்னலே நேரடியாக ஆளும் முறை, இன்டெல் வரைகலைச் சில்லுகளுக்கு 2009இல் வந்தது. அதற்கு முன்னர் விழித்தெழும் திரை சிதைவது வெகு சாதாரணம். இங்கு ஓர் எச்சரிக்கை: நிறுவும் காலத்தில் திரை தெரியவில்லையென்று 'நோமோட்செட்' என்னும் கட்டளையைத் தொடக்க வரியில் சேர்ப்போர் உளர். அது தற்காலிக மருந்து. அதை நீக்க மறந்தால் உரிய திரை இயக்கி செயற்படாது. உறக்கமும் ஒளியளவும் கெடலாம். பழுது என்று கருதப்படும் யந்திரங்கள் சிலவற்றில் குற்றவாளி இந்த ஒரு சொல்லே.

யந்திரமே விழிக்கவில்லையெனில், கெர்னலில் 'பி.எம். டெஸ்ட்' என்னும் சோதனை வசதி உண்டு. உறக்கத்தின் படிகளுள் குறித்த ஒன்றுவரை மட்டும் சென்று, ஐந்து விநாடிகளில் அது திரும்பிவிடும். முதலில் நிரல்களை உறையவைக்கும் படி, பின்னர் உறுப்புகளை அடக்கும் படி என்று வரிசையாகச் சோதிக்கும்போது, எந்தப் படியில் திரும்பவில்லையோ அங்கேதான் கோளாறு. உறுப்புப் படியில் நின்றால், வைஃபை போன்றவற்றின் இயக்கிகளை ஒவ்வொன்றாக நீக்கி மீண்டும் சோதிக்கலாம். இது பொறுமையை வேண்டும் வேலைதான்.

புதிய கணினிகள் பலவற்றில் நினைவகம் தவிர மற்றவற்றை முற்றும் அணைக்கும் பழைய உறக்கம் இல்லை. செயலி சும்மா இருக்கும் 'எஸ்-டூ-ஐடில்' என்னும் இலேசான உறக்கமே உண்டு. ஏதேனும் ஓர் உறுப்பு அடங்காவிடில், பையினுள் கணினி சூடேறி, காலைக்குள் பாட்டரி தீர்ந்துவிடும். ஆழ்ந்த உறக்கமும் தரப்பட்டுள்ளதா என்பதை 'மெம் ஸ்லீப்' என்னும் கோப்பில் காணலாம். 'டீப்' என்ற சொல் இருப்பின் அதனைத் தேர்ந்து சோதிக்கலாம். இல்லையெனில், நெடும் பயணத்திற்கு முன் முற்றிலும் அணைப்பதே நன்று.

மின்விசையை அழுத்திப் பிடிக்குமுன், ஆல்ட், சிஸ்ரெக் விசைகளைப் பிடித்தபடி எஸ், யு, பி எழுத்துகளைச் சிறு இடைவெளியுடன் வரிசையாக அழுத்துக. கெர்னல் உயிருடனிருந்தால், எழுதக் காத்திருந்த தரவு வட்டில் பதிந்து, கணினி மீண்டும் தொடங்கும். சேமிக்காத கோப்பை இது மீட்காது. மீண்டும் தொடங்கியபின் முந்தைய இயக்கத்தின் பதிவேட்டில் இறுதி வரிகளைப் படித்து, யந்திரத்தின் மாதிரிப் பெயரையும் கெர்னலின் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். புதுப்பித்த பின்னரே தொல்லை தொடங்கியிருப்பின், தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்து ஒருமுறை உறங்கவைத்துப் பார்க்கலாம்.